எறும்பைக் கொன்றவள்

என் வயதுக்காரர்களே, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, உங்களிடம் ஒரு நியாயம் கேட்கத்தான் எழுதுகிறேன். அறுபதைத் தாண்டியவளை, பேத்தி எடுத்தவளை, கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, "இவதான் எறும்பைக் கொன்னவ" என்று புதுச் சம்பந்திகளுக்கு அறிமுகம் செய்து வைக்கலாமா? போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் என் சித்தப்பா மகன் அதைத்தான் செய்தான். அவனுக்கு எல்லாமே தமாஷ். சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் சாம்பார் இறங்கவில்லை.

நான் கொல்லவில்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

வயிற்றெரிச்சல் அத்தோடு தீர்ந்ததா? மண்டபத்திலிருந்து நேராகப் பெருங்களத்தூரில் மகள் வீட்டுக்குப் போனால், அங்கே கூடத்து மேஜையில் ஒரு பெட்டி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், உள்ளே குட்டிக் குட்டி அறைகள், அறைக்கு அறை குழாய். என் பேத்தி எறும்பு வளர்க்கிறாள். பெட்டி கூரியரில் வந்ததாம். மழைக்கு மறுநாள் மொட்டை மாடியில் ராணியைப் பிடித்தாளாம். "பாட்டி, காலனி வேகமா வளருது" என்கிறாள். மருமகன் பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகள் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கைதட்டினார்களாம். அவள் விஞ்ஞானி. அதே காரியத்தை அந்தக் காலத்தில் நான் செய்ததற்குக் கன்னத்தில் அறை வாங்கினேன், ஆயுசுக்கும் ஒரு பட்டப்பெயர் வாங்கினேன். பேத்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் வயிறு எரியாது என்று யார் சொன்னார்கள்?

அப்போது எங்கள் வீடு குரோம்பேட்டையில், ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். ஒன்றில் வீட்டுக்காரம்மா, இன்னொன்றில் குடித்தனக்காரர்களான நாங்கள். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. காற்று திரும்பினால் தோல் பதனிடும் நாற்றம் வரும். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எங்களுக்கு அதெல்லாம் காதிலும் மூக்கிலும் ஏறாது. விருந்தாளி வந்தால்தான் ஞாபகம் வரும்.

அத்தை தாம்பரத்தில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். எனக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் அவள்தான். விரல்கள் சும்மாவே இருக்காது. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில், ரயில் ஜன்னல் கம்பியில், தலை பின்னும்போது என் முதுகில், எங்கேயும் டைப் அடித்துக்கொண்டிருக்கும். முதுகில் என்ன அடித்தாள் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். நான் எதைச் சொன்னாலும் சரி என்பாள்.

ஜாடியை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சாமான் குவியலிலிருந்து பொறுக்கினது. பெட்டிக்கடையில் பிஸ்கட் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி வயிறு பெருத்த கண்ணாடி ஜாடி. வாயோரம் கொஞ்சம் உடைந்திருக்கும். சிவப்புப் பெயின்ட் அடித்த தகர மூடி. உப்புப் போட்டு வைக்கலாம் என்று அம்மா கையை நீட்டினாள். "அது கொழந்தைக்கு வாங்கினது அண்ணி" என்று சொல்லி அத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

முழுப் பரீட்சை லீவு அது. கொல்லைப்புறத்தில் குரோட்டன்ஸ் வைத்திருந்த மண் தொட்டி ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. அதைப் புரட்டினேன். அடியில் ஈர மண்ணுக்குள் கறுப்பு எறும்புகள், கடிக்காத ஜாதி, தலைதெறிக்க ஓடுகிறவை. ஒவ்வொன்றின் வாயிலும் ரவை மாதிரி ஒரு வெள்ளை முட்டை. நடுவில் ஓட முடியாமல் பருமனாக ஒருத்தி. ராணி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மற்றதெல்லாம் அவளைச் சுற்றி முண்டியடித்ததைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மண்ணோடு, முட்டையோடு, ராணியோடு கரண்டியால் அள்ளி ஜாடியில் போட்டேன். ஜாடி வாயில் மெல்லிசு மல் துணி கட்டினேன். தகர மூடியை நான் போட்டதே இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டிலும் செய்திருப்பீர்கள்: இனிப்புப் பாத்திரத்தில் எறும்பு ஏறாமல் இருக்க, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைப்பது. அதையே நான் தலைகீழாகச் செய்தேன். எறும்பு உள்ளே வராமல் இருக்க ஊரெல்லாம் தண்ணீர் கட்டியது, எறும்பு வெளியே போகாமல் இருக்க நான் கட்டினேன். ஜாடியைச் சுற்றிக் காக்கி நிற அட்டை போடுவேன். இருட்டு என்று நம்பி அவை கண்ணாடியை ஒட்டியே வழி தோண்டும். அட்டையை எடுத்தால் வீதி வீதியாகத் தெரியும். பஞ்சில் வெல்லத்தண்ணீர் நனைத்துப் போடுவேன். செத்த கரப்பான் ஒன்று போட்டால் போதும், காலைக்குள் சிறகு மட்டும் மிஞ்சும். விமானம் இறங்கும்போது எல்லாம் அப்படியே நிற்கும், சத்தம் போனதும் திரும்ப ஓடும். எங்களுக்கே உறைக்காத சத்தம் அதுகளுக்கு உறைத்தது.

என்னமாய் வளர்ந்தது தெரியுமா? ஒரு கரண்டி மண்ணாகப் போனது, லீவு பாதி முடிவதற்குள் ஜாடிக் கண்ணாடியே கறுத்துவிட்டது. குட்டி ராணிகள்கூட வந்துவிட்டன. மல் துணியின் ஓட்டை வழியாக மீசையை நீட்டி நீட்டிப் பார்க்கும். ஜாடியிடம் காதை வைத்தால் ஒன்றும் கேட்காது, ஆனால் கேட்கிற மாதிரி இருக்கும். அம்மா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அத்தை ஆபீஸ் விட்டு வந்ததும் கைப்பையை வைக்காமலே ஜாடியிடம் வந்து குந்துவாள். "இன்னிக்கு எத்தன வீதி?" என்று கேட்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு வரன் பார்த்தார்கள். பல்லாவரத்து மாப்பிள்ளை. நல்ல சம்பளம், சொந்த வீடு, ஒரே நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தை அம்மாவிடம், "எனக்கு இது வேண்டாம் அண்ணி" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏறுகிற வயது இறங்குமா, வருகிற இடத்தை விட்டால் அப்புறம் யார் வருவார்கள் என்று அம்மா பதில் சொன்னாள். அப்பாவிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடிக்கக்கூட இல்லை. வெங்காயத்தில்தான் அவள் கண் கலங்கியது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது என் ஜாடிதான் பெரிசு.

பெண் பார்க்க அவர்கள் வந்துபோன மறுநாள், வெயிலில் தாம்பாளத்துத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. நான் கவனிக்கவில்லை. மல் துணியை நூல் நூலாக விலக்கிக்கொண்டு எறும்புகள் இறங்கி, பொதுச் சுவரின் விரிசல் வழியாக அந்தப் பக்கம் போயிருக்கின்றன. அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் பூஜை அலமாரி. பித்தளைப் பிள்ளையார், அவர் காலடியில் வெல்லம். வெல்லத்துக்குப் போன எறும்பு பிள்ளையாரைச் சுற்றி மாலை போட்ட மாதிரி நின்றிருக்கிறது.

வீட்டுக்காரம்மா கத்திக்கொண்டு வந்தாள். "இன்னாடி பாப்பா இது, வூட்டுக்குள்ளாற எறும்பு வளத்துகினு கீறியா?" என்று என் காதைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே விட்டுவிட்டாள். குனிந்து பார்த்தாள். எறும்பு கறுப்பு, கடிக்கவில்லை. சிவப்பாய் இருந்திருந்தால் மண்ணெண்ணெய், கறுப்பாய் இருந்தால் கற்பூரம். அதுதானே நம் ஊர் சட்டம். சாமி எறும்பு பிள்ளையாரைத் தேடி வந்திருக்கிறது என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே தரகர் வந்து, பெண் பிடித்திருக்கிறது என்று பல்லாவரத்தில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். போதாதா?

அன்று முதல் ஜாடி என்னுடையது இல்லை. காக்கி அட்டையைக் கிழித்துப் போட்டார்கள். ஜாடி பூஜை அலமாரிக்குப் போனது. கண்ணாடியில் சந்தனம், குங்குமம். மல்லிகைச் சரம். நான் கட்டியிருந்த வீதிகள் பொட்டுக்கு அடியில் மறைந்துபோயின. தெருவில் இருக்கிறவர்களெல்லாம் வந்து நின்றார்கள். ஒருத்தி மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றாள், ஒருத்திக்குக் கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும். எறும்பிடம் கேட்டார்கள், ஐயா. பாயசத்தைக் கரண்டியால் ஊற்றினார்கள். அது ராணி இருக்கிற இடம், ஊற்றினால் முட்டை அழுகிவிடும் என்று சொன்னேன். சாமி விஷயத்தில் வாயை வைக்காதே என்று அம்மா என்னைப் பின்னால் இழுத்தாள். வளர்த்தவள் நான், எனக்கே தரிசனம் தூரத்திலிருந்துதான்.

நிச்சயதார்த்தம் வந்தது. அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரம்மா ஜாடிக்கு விசேஷ பூஜை செய்யப்போவதாகச் சொன்னாள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஜாடி எங்கள் வீட்டு உள்ளறையில் பட்டுத் துணி சுற்றி, மாலை போட்டு, தலையில் சிவப்புத் தகர மூடியோடு நின்றது. அதே அறையில் லட்டுத் தாம்பாளங்கள். எறும்பு லட்டில் ஏறிவிடக் கூடாதே, அதற்காக மூடி.

மூடியிருக்கிறீர்களே, மூச்சு முட்டும் என்றேன். நாளைக்கு வரைக்கும் கை வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். கை வைக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டேன். அதற்குத்தான் கிடைத்தது பரிசு.

மறுநாள் பல்லாவரத்துக்காரர்கள் வந்தார்கள். தரகர் ஏற்கனவே ஊதிவிட்டிருந்தார், இந்த வீட்டில் சாமி எறும்பே குடியிருக்கிறது என்று. மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்காருவதற்கு முன்பே, முதலில் அதைக் கும்பிட வேண்டும் என்றாள். வீட்டுக்காரம்மா ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கூடத்து நடுவில் வைத்தாள். துணியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

கற்பூர நெடி முகத்தில் அடித்தது. உள்ளே மண்ணைக் காணோம். மஞ்சள் தூள், கை கையாகக் கொட்டின மஞ்சள் தூள். அதன் மேல் குங்குமம். அதன் மேல் ஏற்றாத கட்டிக் கற்பூரம். அதற்கும் மேலே, மூடிக்கு எவ்வளவு பக்கத்தில் ஏற முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஏறி, கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். ஒன்றும் அசையவில்லை. வாயில் முட்டையோடு செத்திருந்தவையும் இருந்தன. விமானம் ஒன்று இறங்கியது. ஜாடி அதிர்ந்ததில் அந்த வளையம் பொலபொலவென்று மஞ்சளில் உதிர்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். சகுனம் சரியில்லை என்று அவளுடைய அண்ணன் சொன்னார். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. தாம்பாளத்துத் தேங்காய் உருண்டதை எடுத்து வைக்கக்கூட ஆளில்லை.

"மஞ்சளைப் போட்டிருக்காங்க, கற்பூரத்தைப் போட்டு மூடியிருக்காங்க" என்று நான் அழுதேன். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தாள். "சாமிக்குப் போட்ட மஞ்சள்ல சாமி எறும்பு சாவுமாடி? நீதான் இன்னாவோ பண்ணிக்கீற. ஜாடி போச்சேன்னு உனக்குப் பொறாமை" என்றாள். அவ்வளவுதான். கரப்பானுக்கு அடிக்கிற மருந்தை நான் அடித்துவிட்டேன் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சித்தப்பா மகன், அவனும் சின்னப் பையன்தான், "நான் பாத்தேன்" என்று ஒரு பொய்யைச் சொன்னான். அப்பா என்னை ஒருபோதும் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தார். அத்தை வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இப்போது நியாயம் சொல்லுங்கள். அன்றைக்குச் சாயங்காலம், மீந்துபோன லட்டுத் தாம்பாளத்தை அம்மா எடுத்து வைத்தாள். எடுத்து வைத்து என்ன செய்தாள் தெரியுமா? அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, தாம்பாளத்தைச் சுற்றி மஞ்சள் தூளால் ஒரு கோடு போட்டாள். எறும்பு வராமல் இருக்க. என் கண் முன்னால். தினமும் செய்கிற வேலை. சர்க்கரை டப்பாவைச் சுற்றி மஞ்சள், வெல்லப் பானையைச் சுற்றி மஞ்சள். வீட்டுக்காரம்மாவும் அதையேதான் செய்வாள். துணி அடுக்கில் பூச்சி வராமல் இருக்கக் கற்பூரம் வைப்பாள். மஞ்சளுக்கு எறும்பு நிற்காது என்று சமையலறையில் தெரிந்தவர்களுக்கு, பூஜை அலமாரியில் தெரியவில்லை. அடுப்படி புத்தி அடுப்படியோடு சரி. அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டினேன். அவள் என் கையை உதறினாள்.

அத்தை மட்டும்தான் வந்தாள். கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். விரல்கள் என் முதுகில் எதையோ அடித்துக்கொண்டே இருந்தன, என்ன என்று நான் கேட்கவில்லை. உலகத்தில் எனக்கென்று ஓர் ஆள் இருக்கிறாள் என்று அந்த எண்ணெயை நினைத்தே இத்தனை வருஷம் ஓட்டினேன்.

அப்புறம் பரிகாரம். சனிக்கிழமை தோறும் பிள்ளையார் கோவில் மரத்தடியில் ரவையும் சர்க்கரையும் தூவி, எறும்புப் புற்றைப் பார்த்து, தெரியாமல் செய்த பாவத்தை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். தெரியாமல் செய்தவர்கள் பின்னால் நின்று நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்தார்கள். ஜாடியைக் குப்பை மேட்டில் போட்டுவிட்டார்கள். தேடிப் போனபோது மூடி மட்டும் கிடைத்தது. அதையும் அம்மா பிடுங்கி எறிந்தாள்.

பல்லாவரத்து வரன் முறிந்தது பற்றி ஊரெல்லாம் பேச்சு. அதற்குப் பிறகு அத்தைக்கு வரன் வரவில்லை. ராசியில்லாத பெண் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேலைக்குப் போனாள், பதவி உயர்ந்தாள், சேலையூரில் சின்னதாக ஒரு பிளாட் வாங்கினாள். எண்பது தாண்டியும் தன் சமையலைத் தானே செய்துகொள்கிறாள். என்னால்தான் அத்தையின் வாழ்க்கை போயிற்று என்று குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் என் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா கடைசிவரைக்கும் சொன்னார்.

இவ்வளவையும் உங்களிடம் கொட்டுவதற்குக் காரணம், போன வாரம் அத்தை வீட்டுக்குப் போனதுதான். சிங்க் ஓரம் எறும்பு வரிசை. பேசிக்கொண்டே அத்தை மஞ்சள் டப்பாவை எடுத்து, வரிசையின் குறுக்கே ஒரு சிட்டிகை போட்டாள். எறும்பு சிதறியது. எனக்குச் சுரீர் என்றது. மண்டபத்துக் கோபம் வேறு மிச்சம் இருந்தது.

"மஞ்சளுக்கு எறும்பு நிக்காதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா அத்தை?" என்றேன்.

"யாருக்குத்தான் தெரியாது?" என்றாள். டப்பாவை மூடினாள். அவள் விரல்கள் மூடியின் மேல் தட்ட ஆரம்பித்தன.

"அன்னிக்கு வீட்டுக்காரம்மா மஞ்சளக் கொட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க பூ வாங்கப் போயிருந்தீங்க. கற்பூரத்தைப் போட்டு மூடிட்டு அவங்க போயிட்டாங்க. ராத்திரி பூரா அதே ரூம்ல ஜாடியும் நானும்தான். தெறந்து விடலாம்னு ரெண்டு தடவ கை போச்சு."

"ஏன் தெறக்கல?"

"நான் வேண்டாம்னு சொன்னேன். ஒருத்தர் காதுலயும் விழல. எறும்பு சொன்னா கேப்பாங்கன்னு தோணிச்சு." அப்புறம், "கேட்டாங்க" என்றாள்.

அறை வாங்கினது நான், ரவை தூவினது நான், சொந்த அப்பா வாயால் கடைசிவரைக்கும் பழி கேட்டதும் நான். அதைச் சொன்னேன். குரல் உயர்ந்துதான் போயிற்று. பக்கத்து பிளாட்டில் கேட்டிருக்கும்.

"தெரியும்டி. அதான் எண்ணெய் தடவினேன்" என்றாள். "அன்னிக்கு உன் முதுகுல இதெல்லாம்தான் அடிச்சேன். நீதான் கேக்கவே இல்ல."

அந்த எண்ணெயும் போயிற்று எனக்கு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் பொருமிக்கொண்டே வந்தேன். யார் மேல் என்று கேட்டால், முதலில் அத்தை மேல்தான். மனசாரச் சொல்கிறேன், இன்னும் ஆறவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கை நிறையச் சம்பளம் வாங்கி வீட்டில் கொடுத்தவள், இங்கிலீஷில் கடகடவென்று டைப் அடித்தவள், அண்ணியிடமும் அண்ணனிடமும் வேண்டாம் என்றாள். பேப்பர் மடங்கவில்லை. செத்த எறும்பைப் பார்த்ததும் ஒரு கூடம் முழுக்க எழுந்து நின்றது. அவளுக்கு வாழ்க்கை போயிற்று என்று அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்களே, அவள் வாழ்க்கையை அன்றைக்குத்தான் கையில் வாங்கியிருக்கிறாள். கேட்காதவர்களை நினைத்தால் அத்தை மேல் இருக்கிற கோபம் பாதியாகிறது. மறு பாதி அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.

யாரிடமும் சொல்லாதே என்று அத்தை கேட்டுக்கொண்டாள். உங்களிடம் சொல்லிவிட்டேன், உங்களுக்கு அவளைத் தெரியாது என்கிற தைரியத்தில். தை மாதம் இன்னொரு கல்யாணம் வருகிறது. சித்தப்பா மகன் பந்தியில் ஆரம்பிப்பான். அத்தையும் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

ஆமாம்டா, நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டு, சாம்பாரை ஊற்றச் சொல்லப்போகிறேன்.